ஓடுபூச்சி நின்ற இடம்

எங்கள் கரையில் பட்டப்பகலில் சைத்தானைக் கண்டு பயந்தவர்கள் எக்கச்சக்கம். சைத்தான் கண்டு பயந்த ஒரே மனிதர் ஓடுபூச்சிதான். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்கிற பழக்கமே எனக்கு இல்லை. மன்னாரிலிருந்து ஓர் உடுப்புப் பையோடு கல்பிட்டியில் வந்து இறங்கி, அகதி முகாமில் படுத்து, அடுத்தவனுடைய வலைக்கயிறு இழுத்த என்னிடம் இன்றைக்குக் கரைவலைகளும் ஐஸ் லொறிகளும் இருக்கின்றன என்று சொன்னால், அதுவே உள்ளதைக் குறைத்துச் சொன்னதுதான். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதற்கு மேல் படித்திருந்தால் யாருக்காவது கணக்கு எழுதிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

எங்கள் வாடி, அதாவது வலைக்காரர் தங்கும் ஓலைக் கொட்டில், நுரைச்சோலைக்கு வடக்கே திறந்த கடலைப் பார்த்து இருக்கிறது. தெற்கே திரும்பினால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். வடக்கே திரும்பினால் ஒன்றும் தெரியாது. மணல், அதற்குப் பிறகும் மணல், அதற்குப் பிறகு கானல். லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் உச்சி நேரத்தில் அங்கே ஒரு காகம்கூட இருக்காது. கடல் இரையும். ஆனால் நீங்கள் கடலைப் பார்த்து நின்றாலும் அந்த இரைச்சல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து வருகிற மாதிரி இருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவன் எவனும் ஒருமுறையாவது திரும்பிப் பார்க்காமல் விட்டதில்லை.

அந்த நேரத்தில் அங்கே நடமாடுவது ஓடுபூச்சி மட்டும்தான். நான் சொல்வது மனிதரை அல்ல, பூச்சியை. கொழும்பிலிருந்து வலையும் போத்தலுமாக வந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள் அதைப் புலிவண்டு என்றார்கள். நகத்தளவுதான் இருக்கும். செம்பு நிற முதுகு, அதில் சுண்ணாம்பால் இழுத்த மாதிரி வெள்ளைக் கோடுகள், கொக்குக்கு இருப்பது போல நீட்டுக் கால்கள். முகத்தில் பாதி கண், மீதி கத்தரிக்கோல். எறும்பைப் பிடித்தால் பிஸ்கட் மாதிரிக் கடித்துத் துப்பும்.

கடித்துத் துப்புவது பெரிய காரியம் இல்லை. பயம் வருவது வேறு இடத்தில். நீங்கள் ஈர மணலில் நடந்தால் அவை உங்களுக்கு முன்னால் எழும்பிப் பறக்கும். கொஞ்சத் தூரம் போய் இறங்கும். இறங்கியதும் முகத்தைத் திருப்பி உங்களைப் பார்த்து நிற்கும். கிட்டப் போனால் திரும்ப எழும்பும், திரும்ப இறங்கும், திரும்பப் பார்க்கும். ஒன்று இரண்டு அல்ல, ஒரு கூட்டமே அப்படிச் செய்யும். வா என்கிறதா, வராதே என்கிறதா என்று விளங்காது. அப்படியே போகப் போக ஓர் இடம் வரும். அதற்கு அப்பால் அவை ஓரடியும் போகாது. உங்கள் காலைச் சுற்றிப் பறந்து, வந்த பக்கமே திரும்பிவிடும். அந்த இடத்திலிருந்து நீங்கள் தனி. எங்கள் ஆட்கள் அங்கே அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லித் திரும்பிவிடுவார்கள். நான் திரும்ப மாட்டேன். ஆனால் மேற்கொண்டு போக வேண்டிய வேலையும் எனக்கு இருந்ததில்லை.

மனிதருக்கு அந்தப் பெயர் வந்தது நடையால். குடுகுடு என்று ஓடுவார். சடாரென்று நிற்பார். தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பார். மறுபடி குடுகுடு. கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் அப்படித்தான். அவர் வேதக்காரர். கத்தோலிக்கக் கோயிலில் நன்மை எடுக்க, அதாவது பூசை அப்பம் வாங்க, வரிசையில் போகும்போதும் இதே நடைதானாம். பின்னால் வந்த மனிசி அவர் முதுகில் மோதி மோதி மூக்கு வீங்கிப்போய், கடைசியில் சுவாமியாரே கீழே இறங்கி வந்து அவர் நிற்கிற இடத்தில் வைத்து நன்மை கொடுத்தாராம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்கும். என் வலையில் கயிறு சுருட்டிய இத்தனை காலத்தில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

“ஓய் ஓடுபூச்சி, மனிசன் மாதிரி நடக்கத் தெரியாதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஓடக்குள்ள கண் தெரியாது மொதலாளி. நிண்டாத்தான் தெரியும். பூச்சிக்கும் அப்பிடித்தான், எனக்கும் அப்பிடித்தான். மொதலாளி மட்டும்தான் நிக்காம ஓடுறீங்க.”

வேறு எவனாவது சொல்லியிருந்தால் அன்றைக்கே வலையிலிருந்து நிற்பாட்டியிருப்பேன். இந்த மனிதரிடம் கோபம் வராது. வந்தாலும், அது வந்து சேருவதற்குள் ஓடிவிடுவார்.

இன்னொரு நாள் மத்தியானம் என் கையைப் பிடித்து மேட்டு மணலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். “சத்தம் போடாம நில்லுங்க. இப்ப உங்கட நிழலை மட்டும் மெல்லமா முன்னுக்கு விடுங்க” என்றார். நிழலை எப்படி விடுவது? சும்மா சரிந்தேன். என் தலையின் நிழல் அந்த மணலில் விழுந்ததும், சும்மா கிடந்த மணலில் நூற்றுக்கணக்கான கண்கள் ஒரேயடியாகத் திறந்தன.

நான் பின்னால் விழுந்தேன். வழுக்கி விழுந்தேன் என்றுதான் வாடியில் சொன்னேன்.

அவை கண்கள் அல்ல, துவாரங்கள். ஓடுபூச்சியின் குஞ்சுகள் மணலுக்குள் நேரே கீழே குழி தோண்டி, தங்கள் தலையாலேயே வாசலை அடைத்துக்கொண்டு இரைக்குக் காத்திருக்குமாம். நிழல் பட்டால் அத்தனையும் ஒன்றாக உள்ளே விழுந்துவிடும், குழிகள் திறந்துவிடும். “பிள்ளையள் மொதலாளி. படுத்திருக்கிற பிள்ளையள்” என்றார். கடல் கொந்தளித்துக் கொண்டுவந்து போட்ட புது மணலில் பிள்ளைகள் குடியிருப்பதில்லை. அதில் நிழல் விழுந்தாலும் ஒன்றும் திறக்காது. அதற்கு அவர் வைத்த பெயர் குருட்டு மணல். கடல் எதையாவது கொண்டுவந்து மூடிவிட்டுப் போயிருந்தால் அது குருட்டு மணலுக்குக் கீழேதான் இருக்கும் என்பது அவருடைய சட்டம்.

அந்தச் சட்டத்தை வைத்து முதலில் அவர் கண்டுபிடித்தது ஒரு பெட்டி வெளிநாட்டுச் சாராயம். அதை யாருக்கும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் குடுகுடு ஓட்டம் வளைந்து வளைந்து போனதை வைத்துத்தான் நாங்கள் கண்டுபிடித்தோம். பிறகு ஒரு கதவு கண்டுபிடித்தார். அது இன்றைக்கும் எங்கள் வாடிக் கக்கூசில் இருக்கிறது. அதற்கும் பிறகு, முந்தல் பக்கத்தில் காணாமல் போன ஒரு வள்ளக்காரரைக் கண்டுபிடித்தார். அடுத்த மாரியில் இன்னொருவரை.

அத்தோடு சனம் மாறிவிட்டது. ஓடுபூச்சி ஒரு வீட்டைப் பார்த்து நின்றால் அந்த வீட்டில் மௌத்து, சாவு நிச்சயம் என்று கதை பரவியது. மனிதர் தெருவில் நிற்பதே பழக்கம். எத்தனை வீட்டுக்கு முன்னால் நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒருநாள் காற்று பலம். எங்கள் ஒழுங்கையில், நாங்கள் குடியிருக்கும் ஒடுங்கிய சந்தில், பல வீட்டு வள்ளங்கள் இன்னும் கரை வரவில்லை. ஒழுங்கை முனையில் ஓடுபூச்சி தோன்றினார். குடுகுடு. முதல் வீட்டுக்கு முன்னால் நின்று தலையைத் திருப்பிப் பார்த்தார். “என்ட அல்லாஹ்!” என்று உள்ளே ஒரு பெண் குளறினாள். பயந்து ஓடினார். அடுத்த வீட்டுக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றார். அங்கே ஒரு கிழவி மயங்கி விழுந்தா. அங்கிருந்தும் ஓடினார். அவர் ஓட ஓட ஒழுங்கை நெடுக ஒப்பாரி. நான் பாய்ந்து போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

“யாரு? சொல்லித் தொலையும், யாரு?”

“சீனி மொதலாளி.”

“என்னது?”

“வாடியில தேத்தண்ணி வச்சிட்டன். சீனி முடிஞ்சிபோச்சு. ஒரு சுண்டு சீனி தந்தா...”

அன்று பின்னேரம் எல்லா வள்ளங்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. வந்தவர்களுக்கோ, அவர்களுக்காக அழுது முடித்த வீடுகள். ஒருவன் தன் வாசலில் நின்ற கூட்டத்தைக் கண்டு, யார் மௌத்து என்று கேட்கவும் கூச்சப்பட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் துக்கமாக உட்கார்ந்துவிட்டான். அவனுடைய மனைவி தேத்தண்ணித் தட்டத்தோடு வந்து பார்த்துத்தான் தட்டத்தைப் போட்டாள்.

ஒழுங்கையின் பெரிய வாய் என் தங்கச்சி ரம்ஸியாவின் மாமியார். எங்கள் எல்லாருக்கும் மாமி. மாமி விளக்குமாற்றை எறிந்து, “இனி இந்த ஒழுங்கைக்குள்ள கால வச்சா, ஓட ஒரு கால்தான் மிச்சம் இரிக்கும்!” என்று கத்தினா. ஓடுபூச்சி என்னைப் பார்த்து, “சரி மொதலாளி. இனி நான் ஒருத்தர்ட வாசலுக்கும் ஒண்டையும் கொண்டு வரமாட்டன்” என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்றிலிருந்து சீனி இல்லாத தேத்தண்ணிதான் குடித்தார்.

நாட்டில் யுத்தம் முடிந்து, கடலுக்குப் போகப் பாஸ் எடுக்கத் தேவையில்லை என்று ஆகிக் கொஞ்சக் காலம் இருக்கும். ஆட்கள் வரிசையாக நின்று இழுத்த கரைவலையை டிரக்டரில் வின்ச் பூட்டி இழுக்கத் தொடங்கினோம். எங்கள் கரையில் அதை முதலில் கொண்டு வந்தவன் நான். இல்லை, இரண்டாவது என்று சொல்கிறவர்கள் பொறாமைக்காரர்கள். ரம்ஸியாவின் கணவன் கலீல் மட்டும் என் டிரக்டரில் ஏறமாட்டேன் என்றான். அவனுக்குச் சொந்தமாக ஒரு சின்ன வள்ளம், இடுப்பில் எப்போதும் அகலமான பச்சை வார், வாயில் எப்போதும் சிரிப்பு. ஓடுபூச்சிக்குப் பின்னால் அதே மாதிரி ஓடி, அதே மாதிரி நின்று, கரையையே சிரிக்கவைப்பான். ஓடுபூச்சியும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அந்த இரண்டு பேருக்கும் அதுதான் சிநேகிதம்.

கச்சான் காற்று கிளம்பும் காலத்தில் ஒரு காலை, போட்ட வலையை எடுத்துவரப் போனான் கலீல். வள்ளம் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. அவன் வரவில்லை.

இந்தக் கரையில் வரவில்லை என்றால் மௌத்து என்று அர்த்தம் இல்லை. நீரோட்டத்தில் இழுபட்டு, இந்திய வள்ளம் ஏதாவது ஏற்றிக்கொண்டு போய், அங்கே மறியலில், அதாவது சிறையில், இருந்து, தாடியோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. மாமி அதைப் பிடித்துக்கொண்டா. “என்ட மகன் உசிரோட இரிக்கான். ரம்ஸியா இத்தா இருந்தா, இருக்கிறவனை நாமளே கபுறுக்கு அனுப்பின மாதிரி” என்று சொல்லிவிட்டா.

இத்தா என்பது என்ன என்று தெரியாத வாசகர்களுக்குச் சொல்கிறேன். கணவன் மௌத்தானால் எங்கள் பெண்கள் குறித்த காலம் வீட்டுக்குள் இருந்து துக்கம் காப்பார்கள். காலம் முடிந்தால் எழும்பி வெளியே வரலாம், மீதி வாழ்க்கையைப் பார்க்கலாம். ஆனால் அதைத் தொடங்குவதற்கு மௌத்து நிச்சயமாக வேண்டும். மௌலவியிடம் கேட்டோம். “செய்தி ஒண்டும் இல்லாம நான் சொல்ல ஏலா. பொறுங்க” என்றார். ரம்ஸியா பொறுத்தாள். மாதம் ஒன்று போனது, அடுத்ததும் போனது.

“நானா,” என்று அண்ணனான என்னைக் கூப்பிட்டாள் ஒருநாள், “நான் பொஞ்சாதியா, கைம்பெண்ணா? ரெண்டில ஒண்டைச் சொல்லுங்க. ஒரு கோப்பைச் சோறா, ரெண்டு கோப்பையா எண்டு தெரியாம உலை வைக்கிறன். ரெண்டாவது கோப்பையை ஒவ்வொரு நாளும் கோழிக்குப் போடுறன்.”

பணம் இருந்தால் தீராத பிரச்சினை இல்லை என்று அதுவரை மேடைக்கு மேடை சொல்லி வந்தவன் நான். அன்றைக்குப் பணத்தைத் தொடவில்லை. நேரே வாடிக்குப் போய் ஓடுபூச்சியைப் பிடித்தேன். கோப்பைக் கதையையும் சொன்னேன். “கலீல் கரைக்கு வந்தானா? உங்கட சட்டத்தை வச்சுப் பாருங்க” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் பூச்சி பாக்கிறவன் மொதலாளி” என்றார். ஓடிவிட்டார். அன்று அவர் எங்குமே நிற்காமல் ஓடியதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதற்கு முன்பே அவருக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருந்தது. வடக்குப் பக்கம் ஓர் இடத்தில், வலை இழுத்து முடிந்து டிரக்டர் திரும்புகிற நேரம் போய் நின்றுகொள்வார். நாலு பக்கமும் குச்சி நட்டு, கிழிந்த வலைத்துண்டு கட்டியிருந்தார். டிரக்டர் கிட்ட வந்தால் இரண்டு கையையும் விரிப்பார்.

“இதால வேணாம் தம்பி. பிள்ளையள் படுத்திருக்கு.”

டிரக்டர் ஓட்டும் ரிஸ்வான் என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டான். “ஹாஜியார், அந்த மனிசன் பூச்சிக்குப் பள்ளிக்கூடம் கட்டி, தானே பிரின்ஸிபலா நிக்கிறார்.” நான் போய் அதட்டினேன். நான் அதட்டினால் நின்றுபோன இஞ்சின்கூட ஸ்டார்ட் ஆகும். அந்த மனிதர் மட்டும் அசையவில்லை. “சரி, விசரோட என்ன கதை, சுத்திப் போ” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாடியிலிருந்து பார்த்தால் அவர் நிற்பது தெரியும். உச்சி வெயில், குடை இல்லை, தொப்பி இல்லை. கானல் எழும்பி அவருடைய முழங்காலுக்குக் கீழே அழித்துவிடும். கால் இல்லாத ஒரு மனிதர் மணலுக்கு மேலே மிதந்துகொண்டு நிற்பார். பகல் சோறு தின்றுகொண்டிருந்த என் ஆட்கள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். அவர் ஜின்னுக்குச் சோறு போடுகிறார் என்றான் ஒருவன். அவரே இப்போது ஜின்தான், மனிதர் எப்போதோ போய்விட்டார் என்றான் இன்னொருவன். இருந்தாலும் இருக்கலாம், ஆனால் கயிறு நன்றாகத்தான் சுருட்டுகிறார் என்றேன் நான்.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. இது அவர் அங்கே நிற்கத் தொடங்கிய புதிதில் நடந்தது. ரிஸ்வானிடம் ஒருநாள் மெல்ல வந்து கேட்டிருக்கிறார்:

“தம்பி, உங்கட ஆக்களை அடக்கக்குள்ள தலை எந்தப் பக்கம்?”

“வடக்குப் பக்கம். முகத்தைக் கிப்லாவுக்குத் திருப்பி வைப்பம்.”

“கிப்லா எண்டா?”

“தொழுற திசை. இஞ்ச இருந்து பாத்தா கடல் பக்கம்தான்.”

“சாரம், சேட்டு?”

“ஒண்டும் இல்ல. வெள்ளைத் துணி. ஏன் கேக்கிறீங்க?”

“சும்மா.”

அடுத்த நாள் நுரைச்சோலைக் கடையில் ஓடுபூச்சி வெள்ளைத் துணி வாங்கினார். கடைக்காரர் அதைப் பள்ளிவாசலுக்குச் செய்தியாக அனுப்பினார். ஓடுபூச்சி எங்கள் மார்க்கத்துக்கு வரப்போகிறார் என்று ஊர் முடிவு கட்டியது. துணி ஜுப்பா தைக்கத்தான் என்றார்கள். மௌத்துப் பற்றிக் கேட்டது ஈமானுக்கு, இறை நம்பிக்கைக்கு, அடையாளம் என்றார் பள்ளிவாசல் நிர்வாகி. அவர் ஒரு புதுத் தொப்பி வாங்கி வைத்து, என்ன பெயர் சூட்டலாம் என்றும் யோசிக்கத் தொடங்கினார். இந்தப் பக்கம் கோயிலில் பெரிய கலவரம். பாட்டுக் குழுப் பெண்கள் அவர் வீட்டுக்கு முன்னால் நின்று செபமாலை சொன்னார்கள். நிர்வாகி தொப்பியோடு கடற்கரைக்குப் போக, ஓடுபூச்சி கண்டுவிட்டு, நிற்காமல் கல்பிட்டிப் பக்கம் ஓடிவிட்டார். தொப்பி நிர்வாகியின் மேசை லாச்சியில் கிடந்தது.

ஒரு மத்தியானம் ரம்ஸியா கடற்கரைக்கு வந்தாள். வள்ளம் தனியாக வந்த நாளுக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. கையில் இரண்டாவது கோப்பைச் சோறு.

“இண்டைக்குக் கோழிக்குப் போட மனம் வரல்ல நானா. கடலுக்கே குடுத்திட்டு, அதுட்டயே கேக்கப் போறன்.”

தனியாக விட முடியுமா? கூட நடந்தேன். ஈர மணலில் பூச்சிகள் எழும்பின. முன்னால் போய் இறங்கின. திரும்பி எங்களைப் பார்த்தன. அவள் நடக்க நடக்க எழும்பி, இறங்கி, பார்த்து, எழும்பி, எங்களை வடக்கே கொண்டு போயின. பாங்குச் சத்தம் எங்கேயோ தூரத்தில் தொடங்கி, காற்றில் பாதியில் அறுந்தது. கடல் முதுகுக்குப் பின்னால் இரைந்தது. பிறகு அந்த எல்லை வந்தது. அத்தனை பூச்சிகளும் எங்கள் காலைச் சுற்றிப் பறந்து பின்னால் போய்விட்டன. எங்களுக்கு முன்னால் இருந்தது ஓடுபூச்சி மட்டும்தான், நாலு குச்சிக்கு நடுவில், கால் இல்லாமல்.

“வராதீங்க தங்கச்சி!” என்று கையை விரித்தார். “பிள்ளையள் படுத்திருக்கு.”

நாங்கள் குச்சியை ஒட்டிப் போய் நின்றோம். எங்கள் இரண்டு பேருடைய நிழலும் அந்தக் குச்சிகளைத் தாண்டி மணலில் விழுந்தது.

ஒரு கண்ணும் திறக்கவில்லை.

நான் சரிந்து பார்த்தேன். கையை நீட்டி நிழலை அசைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மழித்த தலை மாதிரி வழவழவென்று கிடந்தது.

“ஓடுபூச்சி,” என்றேன்.  “இஞ்ச ஒரு பிள்ளையும் இல்லையே.”

அவர் ஓடவில்லை. கையை மட்டும் கீழே போட்டார்.

என் புத்திக்கு எட்டுவதற்கு முன்பே அவளுக்கு எட்டிவிட்டது. வெள்ளைத் துணிக் கதை, கிப்லாக் கதை எல்லாம் ஒழுங்கைக்குள் அவளும் கேட்டுச் சிரித்தவைதானே. சோற்றுக் கோப்பையை மெல்ல மணலில் வைத்தாள்.

“அண்ணே, தலை எந்தப் பக்கம் வச்சிருக்கீங்க?”

“வடக்க தங்கச்சி.” சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார். “முகம் கடலுக்கு. தம்பி சொன்ன மாதிரித்தான். வெள்ளைத் துணியும் போட்டன். என்ட செபம் ஒண்டும் சொல்லல்ல, உங்களுக்கு அது சரியோ பிழையோ தெரியாது.”

சட்டைக்குள்ளிருந்து மடித்து வைத்திருந்த பச்சை வாரை எடுத்து நீட்டினார். அவள் வாங்கினாள். அதன் பொத்தானைத் திறந்தாள், பூட்டினாள், திறந்தாள்.

“ஏன் சொல்லல்ல?” என்று நான்தான் கத்தினேன்.

“நான் கால் வச்சாலே ஒழுங்கை அழுகுது மொதலாளி. சொல்லுவமா எண்டு ரெண்டு மூண்டு தரம் ஒழுங்கை முனைக்கு வந்தன். பிறகு நீங்க ரெண்டு கோப்பைக் கதையைச் சொன்னீங்க. ஒருத்தன் வருவான் எண்டு ஒரு பொம்பிளை சோறு போடுறா. அந்தக் கோப்பையைக் கவிழ்க்க எனக்கு மனம் வரல்ல. மறந்து மறந்து தானா ஒருநாள் ஒண்டாக் குறைச்சிடுவா எண்டு நினைச்சன். அதுவரைக்கும் டிரக்டர் ஏறாமப் பாத்துக்கொண்டாக் காணும் எண்டு நிண்டன்.”

அவர் வேதக்காரர். நம்பிக்கையைத் தருமம் என்று நினைத்துவிட்டார். எங்கள் பெண்ணுக்கு அந்த நம்பிக்கையே பூட்டு என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ரம்ஸியா அழுதாள். ஆனால் நான் பயந்த மாதிரி அல்ல. மூட்டை இறக்கி வைத்தவர் மூச்சு விடுவது போல அழுதாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்து கொண்டு சொன்னாள்:

“நீங்க கோப்பையைக் கவிழ்த்திருக்கலாம் அண்ணே. தொடங்கினாத்தானே முடியும்.” கொஞ்சம் பொறுத்து, “அவரைத் தனியா விடாம இத்தனை நாளும் வெயில்ல நிண்டிருக்கீங்க” என்றாள்.

பொலிஸ் வந்தது, மரண விசாரணைக்கு ஆள் வந்தது. ஏன் அறிவிக்கவில்லை என்று ஓடுபூச்சியை உட்காரவைத்துக் கேட்டார்கள். அவர் பூச்சியிலிருந்து தொடங்கினார். எழுதிய அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்கு மேல் என் சிங்களம் பேசியது. நான் பேசத் தொடங்கினால் எந்த அதிகாரிக்கும் வீட்டு ஞாபகம் வந்துவிடும். எச்சரித்து அனுப்பினார்கள்.

கலீலை அடக்குவதற்கு முன் வைத்த ஜனாஸாத் தொழுகையில் பின்னால் ஒதுங்கி நின்ற ஓடுபூச்சியைப் பள்ளிவாசல் நிர்வாகி கண்டார். லாச்சியில் கிடந்த அந்தத் தொப்பியை எடுத்து வந்து அவர் தலையில் வைத்துவிட்டார். ஓடுபூச்சி தொப்பியோடு நின்றார், கடைசியில் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் இருக்கும்போது யார் சொல்வார்கள்?

ரம்ஸியா இத்தா இருந்தாள், முடித்தாள், எழும்பினாள். எழும்பிய அடுத்த வெள்ளிக்கிழமை, “நானா, அந்த அண்ணனைத் தேத்தண்ணிக்குக் கூட்டிக்கொண்டு வாங்க” என்றாள். வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. எல்லா வள்ளமும் கரையில், எல்லா ஆண்களும் வீட்டில். அவள் யோசித்துத்தான் நாள் வைத்திருந்தாள்.

ஒழுங்கை முனையில் அவருக்குக் கால் எழும்பவில்லை. நான்தான் தள்ளிவிட்டேன். குடுகுடு, நிற்பு. ஒரு கதவு திறந்தது. குடுகுடு, நிற்பு. அடுத்த கதவும் திறந்தது. யாரும் அழவில்லை. தன் மௌத்துக்குத் தானே துக்கம் இருந்த அந்த ஆள் எழும்பி நின்று ஸலாம் சொன்னான். வாசலில் கதிரை போட்டு உட்கார வைத்தோம். தேத்தண்ணி வந்தது. சீனிப் பாத்திரத்தோடு வந்தது மாமி. 

“எவ்வளவு?” என்று கேட்டா.

“ஒரு கரண்டி காணும் உம்மா.”

மாமி போட்டா. இன்னொன்று போட்டா. மகனைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், கண்ணைக் கோப்பையிலிருந்து எடுக்காமல், போட்டுக்கொண்டே இருந்தா. தேத்தண்ணி விளிம்பில் ஏறி, கோப்பைத் தட்டில் வழிந்து, அவருடைய சாரத்தில் சொட்டியது. அவர் அசையவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்து, அடியில் கிடந்த சீனியையும் விரலால் வழித்துச் சாப்பிட்டார். “நல்ல தேத்தண்ணி” என்றார்.

ஓடுபூச்சி போன மாரியில் காய்ச்சலில் படுத்துப் போய்விட்டார். கோயில் சேமக்காலையில் அடக்கினார்கள். தொப்பியோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்துச் சுவாமியார் உள்ளே வரச் சொன்னார். பெட்டியை இறக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அது செம்மண். அங்கே அந்தப் பூச்சி ஒன்றுகூட இருக்காதே.

சென்ற வாரம் ரிஸ்வான் கேட்டான்: “ஹாஜியார், கலீல் நானாவை மையவாடிக்குக் கொண்டு போயாச்சு. ஓடுபூச்சியும் போயிட்டார். குச்சியும் இல்ல. இன்னும் ஏன் அந்த இடத்தைச் சுத்திப் போறம்? டீசல் என்ன சும்மாவா வருது?”

நியாயமான கேள்வி. என்னிடம் கேட்டுத்தான் இப்படி நியாயமாகப் பேசப் பழகினான். டிரக்டரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். உச்சி வெயில், முழங்கால் வலி, உடம்பில் ஐஸ் லொறி அளவு பாரம். கொஞ்சம் நடந்தேன், நின்றேன். கொஞ்சம் நடந்தேன், நின்றேன். குச்சிகள் இருந்த இடம் வந்தது. மெல்லச் சரிந்து என் நிழலை முன்னால் விட்டேன்.

மணல் முழுக்கக் கண்கள் திறந்தன.

திரும்பி வந்து டிரக்டரில் ஏறினேன். ரிஸ்வான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சுத்திப் போ மகன்,” என்றேன். “பிள்ளையள் படுத்திருக்கு.”